கார் கதவின் சென்ட்ரல் லாக் மோட்டாரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: சென்னையில் பத்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக் கார். ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டுகின்றன, இடது பின்கதவு மட்டும் சில நாள் பூட்டுகிறது, சில நாள் பூட்டுவதில்லை. மோட்டாரை லாட்சோடு (கதவை மூடிப் பிடிக்கும் கொக்கிப் பெட்டி) சேர்த்து மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். நாமே செய்துகொள்ள முடியுமா?

முடியும். ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கைக்குப் பழகியவருக்கு ஒரு கதவு இரண்டு மணி நேர வேலை. முதல் முறை என்றால் அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் "சில நாள் பூட்டுகிறது" என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் மோட்டார்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. லாக் மோட்டார் தானாக வயசாகிச் சாவதைவிட, வேறு ஏதாவது ஒன்று அதைச் சாகடிப்பதுதான் நம் ஊரில் அதிகம்: கதவுக்குள் வழியும் தண்ணீர், கிரீஸ் காய்ந்து இறுகிப்போன லாட்ச், கதவு மடியும் இடத்தில் அறுந்துகொண்டிருக்கும் ஒயர். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டினால் அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி டோர் பேடை (கதவின் உட்பக்க மூடிப் பலகை) கழற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு டிசி மோட்டார், அதன் தண்டில் திருகு போன்ற ஒரு வார்ம், அது சுற்றும் பிளாஸ்டிக் கியர், அந்தக் கியர் தள்ளும் ஒரு லீவர். பூட்டுவதற்கு இரண்டு ஒயரில் 12 வோல்ட் ஒரு திசையில் வரும். திறப்பதற்கு அதே இரண்டு ஒயரில் பிளஸ் மைனஸ் இடம் மாறி வரும். அதுவும் தொடர்ந்து வராது, அரை விநாடி அளவுக்கு ஒரு தட்டு மட்டும். அந்த அரை விநாடிக்குள் மோட்டார் சில ஆம்பியர் இழுத்து லீவரைத் தள்ளி முடித்துவிட வேண்டும். லாட்ச் இறுகியிருந்தாலோ, ஒயரில் பாதி இழைதான் மிச்சம் இருந்தாலோ அந்த நேரம் போதாது. லீவர் பாதி வழியில் நின்றுவிடும். நல்ல மோட்டாரே கெட்டுப்போனது மாதிரி தெரிவது இதனால்தான்.

இன்னொன்று, இந்த மோட்டார்களில் பலவற்றில் சூடானால் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு பாதுகாப்புத் துண்டு இருக்கும். சோதிப்பதற்காக ரிமோட்டைப் பதினைந்து இருபது முறை தொடர்ந்து அழுத்தினால் அதுவே வேலையை நிறுத்திவிடும், ஆறினால் திரும்பவும் ஓடும். "முதல்ல வேலை செஞ்சுது, அப்புறம் நின்னுபோச்சு" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கைந்து முறைக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள்.

பேடைக் கழற்றும் முன் காதால் பாருங்கள்

ஒருவர் ரிமோட்டை அழுத்தட்டும், நீங்கள் அந்தக் கதவில் லாட்ச் இருக்கும் ஓரத்தில் காது வையுங்கள். மோட்டார் "உய்ங்" என்று சுற்றும் சத்தம் வந்து கதவின் பூட்டுக் குமிழ் அசையவில்லை என்றால் உள்ளே கியர் பல் உடைந்திருக்கிறது அல்லது ராடு (லாட்சை இயக்கும் கம்பி) கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறது. இரண்டாவது என்றால் செலவே இல்லை. மங்கலாக "டக்" என்று மட்டும் கேட்டால் மோட்டாருக்கு பலம் இல்லை அல்லது லாட்ச் இறுக்கம். சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து காண்டாக்ட் விட்டுப்போயிருக்கிறது. சத்தமே இல்லாத கதவை, ரிமோட் அழுத்தும் அதே நேரத்தில் உள்ளங்கையால் பேடின் மேல் தட்டிப் பாருங்கள். தட்டும்போது மட்டும் பூட்டினால் பிரஷ்தான்; அந்த மோட்டார் போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கையால் பாருங்கள். குமிழை விரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். வேலை செய்யும் மற்ற பின்கதவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். இழுவையாக இருந்தால் முதல் மருந்து கிரீஸ்.

மூன்றாவது சோதனைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். முன்கதவுக்கு முன் தூணிலும், பின்கதவுக்கு நடுத் தூணிலும், ஒயர் கதவுக்குள் போகும் இடத்தில் அக்கார்டியன் மடிப்பு மாதிரி ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஒயர்கள் மடிந்து நிமிர்கின்றன. வெயிலில் ஒயரின் மேலுறை கெட்டிப்பட்டு, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கதவைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தி, அந்த ரப்பரை விரலால் அசைத்துக்கொண்டே ஓட்டுநர் கதவில் இருக்கும் லாக் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். கதவு திறந்திருந்தால் பல கார்களில் ரிமோட் பூட்டாது, அதனால்தான் சுவிட்சைச் சொல்கிறேன். அசைக்கும்போது ஒரு கோணத்தில் வேலை செய்து இன்னொரு கோணத்தில் நின்றால் ஒயர் அறுந்திருக்கிறது. அதே கதவின் பவர் விண்டோவோ ஸ்பீக்கரோ கூடச் சேர்ந்து மக்கர் செய்தாலும் சந்தேகம் ஒயர் மேல்தான் போக வேண்டும்.

நான்கு கதவும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் இந்தப் பதிலே உங்களுக்குத் தேவையில்லை. ஃபியூஸ், ரிலே, கட்டுப்பாட்டு யூனிட், பலமிழந்த பேட்டரி என்று போக வேண்டும். கார் தானாகவே பூட்டித் திறந்து பூட்டித் திறந்து விளையாடினால் பெரும்பாலும் ஓட்டுநர் கதவு ஆக்சுவேட்டருக்குள் (மோட்டாரும் கியரும் சேர்ந்த பெட்டி) இருக்கும் சின்ன சுவிட்ச் கெட்டிருக்கும். கதவு மூடியிருந்தும் "கதவு திறந்திருக்கிறது" என்று மீட்டரில் விளக்கு எரிந்தால் அது லாட்சுக்குள் இருக்கும் வேறொரு சுவிட்ச். மோட்டாரை மட்டும் மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

உங்கள் காரில் எந்த வகை?

இந்தியாவில் ஓடும் கார்களில் இரண்டு வகை உண்டு. பழைய மாடல்களிலும், கம்பெனியில் சென்ட்ரல் லாக் வராமல் வெளியே போட்ட கார்களிலும் ஆக்சுவேட்டர் தனியாக இருக்கும். துப்பாக்கி போன்ற வடிவம் என்பதால் கடையில் "கன்" என்றே கேட்கலாம். லாட்சின் ராடோடு ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். இதில் ஓட்டுநர் கதவுக்கு 5 ஒயர், மற்ற கதவுகளுக்கு 2 ஒயர். அந்தக் கூடுதல் 3 ஒயர் சுவிட்சுக்கானது: ஓட்டுநர் கதவைச் சாவியால் திருப்பினால் மற்ற கதவுகளும் சேர்ந்து பூட்டுவது அதனால்தான். 5 ஒயர் கன்னை மற்ற கதவிலும் போடலாம், மோட்டாரின் 2 ஒயரை மட்டும் இணைத்துவிட்டு மீதியை டேப் சுற்றிவிட்டால் போதும். 2 ஒயர் கன்னை ஓட்டுநர் கதவில் போட்டால், சாவியால் திருப்பும்போது அந்தக் கதவு மட்டும்தான் பூட்டும்.

புதிய கார்களில் மோட்டார், சுவிட்சுகள், லாட்ச் எல்லாம் ஒரே பெட்டியாக வரும். ஒர்க்‌ஷாப்பில் "லாட்சோடு மாற்ற வேண்டும்" என்று சொல்வது ஏமாற்று இல்லை. கம்பெனி அப்படித்தான் பாகத்தை விற்கிறது. பத்து வருட ஹேட்ச்பேக் என்கிறீர்கள், உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாகம் வாங்கும்போது முன்கதவா பின்கதவா, இடதா வலதா என்பது முக்கியம். ஓட்டுநர் இருக்கையில் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் எந்தக் கை பக்கமோ அதுதான் இடது வலது. பின்கதவு லாட்சில் சைல்டு லாக் லீவர் இருக்கும், முன்கதவில் இருக்காது. மாற்றிப் போட வழியில்லை. ஒரே மாடலிலேயே தயாரிப்பு ஆண்டுக்கு ஏற்ப கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) உள்ள உலோகப் பின்களின் எண்ணிக்கை மாறும். அதனால் பழையதைக் கழற்றி, அதன் மேல் உள்ள பாக எண்ணையும் கப்ளரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவதுதான் சரி. கடைக்குப் போய்வரும் வரை கதவு மூடாமல் இருக்கக் கூடாது என்றால் பழைய லாட்சையே மூன்று ஸ்க்ரூவோடு திரும்ப மாட்டி, கைப்பிடி ராடுகளையும் கோத்துவிட்டுப் போங்கள்.

தனிக் கன் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். லாட்சோடு சேர்ந்தது கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் சில ஆயிரம் ஆகும். புதுப்பேட்டையில் பழைய கார் பிரித்த லாட்ச் பாதிக்கும் கீழே வரும். என் கருத்து: லாட்சின் இரும்புப் பாகம் உடைந்திருந்தால் புதுப்பேட்டை சரி, மோட்டாருக்காக வாங்கினால் உங்கள் மோட்டாரைப் போலவே வயதான இன்னொன்றைத்தான் வாங்குகிறீர்கள். அப்படியே வாங்கினாலும் கடையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் தட்டிப் பார்த்து, லாட்சின் கொக்கியில் செம்மண் படிவோ துருவோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கதவளவு தண்ணீரில் நின்ற கார்கள் இந்த ஊரில் ஏராளம்.

கழற்றுவதற்கு வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் 2-ஆம் நம்பரும் 3-ஆம் நம்பரும், டி30 டார்க்ஸ் பிட் (ஆறு முனை நட்சத்திரத் தலை), 10 மி.மீ. சாக்கெட், பிளாஸ்டிக் பேனல் நெம்பி, மூக்குப் பிளேயர், 12 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்த ஒரு டெஸ்ட் லைட், கட்டர் பிளேடு, பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் பட்டை) ஒரு ரோல், வெள்ளை லித்தியம் கிரீஸ், உங்கள் காருக்கான டோர் பேட் கிளிப் ஒரு பத்து. கிளிப்பை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். பத்து வருடம் வெயிலில் வெந்த கிளிப்பில் இரண்டு மூன்றாவது உடையும். உடைந்ததோடு மாட்டினால் வேகத்தடையில் கதவு கடகடக்கும். கைக்கு ஒரு கையுறையும் வேண்டும். கதவுத் தகட்டின் உள் விளிம்பு பிளேடுதான்.

டோர் பேடைக் கழற்றுவது

முதலில் அந்தக் கதவின் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். கண்ணாடி கீழே இருந்தால் லாட்சுக்கும் கைக்கும் நடுவில் அதுதான் நிற்கும். இன்னொரு கதவின் கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். டெஸ்ட் லைட் சோதனைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரியை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். இக்னிஷன் மட்டும் அணைந்திருக்கட்டும். ஒரு விதிவிலக்கு: சைடு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலை உணரும் சென்சார் முன்கதவுக்குள் இருக்கும். அந்தக் கதவில் வேலை என்றால் முதலிலேயே மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டுத்தான் பேடில் கை வைக்க வேண்டும்.

ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் காரிலும் ஒன்றுதான்: உள் கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, கதவை இழுத்து மூடும் பிடியின் அடியில் அல்லது ஒரு சின்ன மூடியின் பின்னால் ஒன்றிரண்டு, சில கார்களில் பேடின் ஓரத்தில் ஒன்று. பவர் விண்டோ சுவிட்ச் பேனலை நெம்பி எடுத்து கப்ளரைக் கழற்றுங்கள். பின்கதவில் கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தக் கைப்பிடியைப் பிடித்து வைத்திருப்பது குதிரை லாட வடிவ ஸ்பிரிங் கிளிப். அதற்குத் தனி டூல் தேவையில்லை: பழைய பருத்தித் துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் நுழைத்து, ஷூவைப் பாலிஷ் போடுவதுபோல் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் துணியின் நூல் கிளிப்பின் முனையைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கிளிப் பறந்துபோகும், மறு கையை மேலே குவித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஸ்க்ரூவும் வந்தபிறகு பேடின் கீழ் மூலையில் நெம்பியை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு ஒட்டியே நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி இழுத்தால் பேடின் பலகை கிளிப் உட்காரும் இடத்தில் பிய்ந்துவிடும், அதற்கு மருந்து இல்லை. கீழும் பக்கமும் விட்ட பிறகு பேடைச் செங்குத்தாக மேலே தூக்கினால் கண்ணாடி பீடிங்கிலிருந்து (கண்ணாடியை ஒட்டி ஓடும் ரப்பர் பட்டை) கழலும். உடனே தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பின்னால் உள் கைப்பிடியின் கேபிளும் ஒன்றிரண்டு கப்ளரும் தொங்கும். அப்படியே சாய்த்துப் பிடித்து, ஒரு போட்டோ எடுத்து, பிறகு கழற்றுங்கள்.

அந்த பிளாஸ்டிக் ஷீட்

பேடுக்குப் பின்னால் கதவு முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், கறுப்புப் பிசினால் ஒட்டியிருக்கும். இந்த வேலையில் எல்லோரும் அலட்சியமாகக் கிழிப்பது இதைத்தான், பின்னால் அதிகத் தொந்தரவு கொடுப்பதும் இதுதான். மழைத் தண்ணீர் கண்ணாடி பீடிங் வழியாகக் கதவுக்குள் போவது கோளாறு இல்லை. கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வழிந்து, கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். ஷீட் ஒட்டாமல் தொங்கினால் அந்தத் தண்ணீர் பேட் வழியாகக் காருக்குள் இறங்கும், கால் மிதியடி ஈரமாகும், தொங்கும் ஷீட்டின் மடிப்பு தண்ணீரை நேராக லாட்சின் மேலேயே கொண்டுபோய் விடவும் கூடும். ஸ்பீக்கர் போட்டபோதோ விண்டோ மோட்டார் மாற்றியபோதோ யாராவது ஷீட்டைக் கிழித்து விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் மோட்டார் செத்த காரணம் அங்கேயே தெரிந்துவிடலாம்.

ஷீட்டை இழுக்காமல், பிசினுக்கும் தகட்டுக்கும் நடுவில் பிளேடை ஓட்டி, லாட்ச் பக்கத்துப் பாதியை மட்டும் பிரித்து மடக்கி வைத்தால் போதும். பிசினில் மண் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் ஒரு கடைசிச் சோதனை

லாட்சுக்குப் போகும் கப்ளரைக் கழற்றி பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் அல்லது உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் கார்களில் இது சாதாரணம். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மறுபடி சொருகிப் பாருங்கள்; சில சமயம் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், ஒயர் பக்கத்துக் கப்ளரில் தடிமனான இரண்டு ஒயர்கள் மோட்டாருக்கானவை, மெல்லியவை சுவிட்சுக்கானவை. அந்த இரண்டில் டெஸ்ட் லைட்டை இணைத்து பூட்டு, திற என்று அழுத்துங்கள். இரண்டு முறையும் பல்பு பளிச்சென்று மின்ன வேண்டும். இங்கே டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்பாதீர்கள். அரை விநாடித் தட்டை அது பிடிக்கும் முன்பே தட்டு முடிந்துவிடும். அதைவிட, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுப்பதால் பலவீனமான ஒயரில் மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். 5 வாட் பல்புக்கு அந்தத் திறமை போதாது.

பளிச்சென்று மின்னினால் ஒயர் நல்லது, ஆக்சுவேட்டர் கெட்டது, மேலே போங்கள். மங்கினாலோ மின்னாவிட்டாலோ தூணில் உள்ள ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் கழற்றித் தள்ளி, ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். அதே தடிமனில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள வண்டி ஒயரை எடுத்து, மடிப்புக்கு வெளியே இரண்டு பக்கமும் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். மடிப்புக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அதே இடத்தில்தான் அறும்.

லாட்சைக் கழற்றி மாற்றுவது

இப்போது 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு வாருங்கள். பிறகு கதவின் உட்புறத்தைப் பல கோணங்களில் போட்டோ எடுங்கள். குறிப்பாக எந்த ராடு எந்த ஓட்டையில், கிளிப் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ராடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை முதலில் ராடிலிருந்து விலக்கித் திருப்பி, பிறகு ராடை உருவ வேண்டும். நேராக இழுத்தால் கிளிப் உடையும். வெளிக் கைப்பிடியின் ராடு சில கார்களில் மரை உள்ளதாக, நீளம் சரிசெய்யும்படி இருக்கும். கழற்றும் முன் அதன் நிலையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அது ஒரு சுற்று மாறினாலும் கைப்பிடியை முழுக்க இழுத்தும் கதவு திறக்காது, அல்லது லேசாகத் தொட்டாலே திறந்துகொள்ளும்.

லாட்சைப் பிடித்திருப்பவை கதவின் ஓரத்தில் தெரியும் மூன்று ஸ்க்ரூ. கார் கம்பெனியைப் பொறுத்து 3-ஆம் நம்பர் ஸ்டார் அல்லது டி30. இவை மிக இறுக்கமாக இருக்கும், பலவற்றில் மரையில் பசை தடவியிருப்பார்கள். 2-ஆம் நம்பர் ஸ்டாரை வைத்து முயன்றால் தலை வழித்துவிடும். சரியான பிட்டை வைத்து, அதன் பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, முழு எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்க்ரூ வந்ததும் லாட்ச் கதவுக்குள் இறங்கும். சில கார்களில் கண்ணாடி ஓடும் பின் சேனல் வழியை மறைக்கும். அதன் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி சேனலை ஒதுக்கினால் லாட்ச் திரும்பி வெளியே வரும். கதவின் உள் தகடு முழுவதும் கண்ணாடி மெக்கானிசத்தோடு ஒரே பலகையாக வரும் கார்களும் உண்டு. அப்படி இருந்தால் கண்ணாடியையே கழற்ற வேண்டியிருக்கும், அது வேறு அளவு வேலை. அங்கேயே நிறுத்தி ஒர்க்‌ஷாப்பில் விடுவது புத்திசாலித்தனம்.

வெளியே வந்த லாட்சை நேரடியாகப் பேட்டரியில் சோதிக்கலாம். மோட்டாரின் இரண்டு பின்னில் மட்டும், நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, தொட்டு எடுங்கள். ஒரு விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். சுவிட்ச் பின்களில் 12 வோல்ட் கொடுத்தால் சுவிட்ச் எரியும். எது எது என்று தெரியாவிட்டால் மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். மோட்டார் சுருள் சில ஓம் காட்டும்.

புதிய லாட்சை மாட்டும் முன் அதன் கொக்கியிலும் சுழலும் இடங்களிலும் வெள்ளை கிரீஸ் கொஞ்சம். பழைய லாட்சையே திரும்பப் போடுவதானால் பழைய கெட்டி கிரீஸைத் துருநீக்கி ஸ்ப்ரேயால் கழுவித் துடைத்த பிறகு கிரீஸ் வையுங்கள். ஸ்ப்ரேயை மட்டும் அடித்து விடுவது பலரும் செய்வது: இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு இருந்த கொஞ்சம் கிரீஸும் கழுவப்பட்டு முன்பைவிட இறுகும்.

தனிக் கன் வகை என்றால் கவனம் வேறு இடத்தில் வேண்டும். கன்னின் கம்பி ஓட்டம் சுமார் 20 மி.மீ.; அது லாட்ச் ராடின் ஓட்டத்தோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சாய்வாகப் பொருத்தினால் பலத்தில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். கன்னின் கம்பியை நடு நிலையிலும் குமிழையும் நடு நிலையிலும் வைத்துவிட்டு இணைப்புத் துண்டின் ஸ்க்ரூவை இறுக்கினால் இரண்டு பக்கமும் சமமாக ஓட்டம் கிடைக்கும். பூட்டு அழுத்தினால் திறந்துகொண்டால் பதற வேண்டாம், இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுங்கள். ஒயரும் கம்பியும் கண்ணாடி இறங்கும் பாதையில் வரக் கூடாது. பிளாஸ்டிக் டையால் தகட்டோடு கட்டிவிடுங்கள்.

மோட்டாரை மட்டும் மாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். முடியும். ஆக்சுவேட்டர்களில் பரவலாக இருப்பது எஃப்சி-280 வகை மோட்டார், ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். ஆனால் பெட்டியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள், பிளேடால் சுற்றி வெட்ட வேண்டும். வார்மைத் தண்டிலிருந்து உருவி, முன்பு இருந்த அதே ஆழத்துக்குப் புது மோட்டாரில் ஏற்ற வேண்டும். 280 என்ற ஒரே பெயரில் சுருள் வேறு, தண்டு நீளம் வேறாகப் பல ரகம் உண்டு. மறுபடி ஒட்டும்போது இடைவெளி இருந்தால் தண்ணீர் போகும். கம்பெனி பாகம் கிடைக்காத பழைய காருக்கு இதைச் செய்யலாம். கிடைக்கும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கதவை மூடும் முன்

ராடு, கேபிள், கப்ளர் எல்லாம் மாட்டியபின் பேட்டரியை இணையுங்கள். முன்கதவு சென்சார் உள்ள கார் என்றால் அதன் கப்ளரும் சொருகியிருக்க வேண்டும். கதவைத் திறந்தே வைத்து, ஸ்க்ரூடிரைவரின் முனையால் லாட்சின் கொக்கியைத் தள்ளி இரண்டு "கிளிக்" வரை பூட்டுங்கள். இப்போது வெளிக் கைப்பிடியை இழுத்தால் கொக்கி விடுபட வேண்டும். மறுபடி பூட்டி உள் கைப்பிடியால் விடுவியுங்கள். சைல்டு லாக் போட்டிருந்தால் உள் கைப்பிடி வேலை செய்யாது. அதைப் பார்த்துவிட்டுப் பதறுங்கள். பிறகு லாக் சுவிட்சால் பூட்டி, வெளிக் கைப்பிடியை இழுத்தாலும் கொக்கி விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கதவை மூடலாம். ஒரு ராடு கோக்க மறந்து கதவை மூடிவிட்டால், மூடிய கதவுக்குள் ஷீட் துளை வழியாகக் கைவிட்டு லீவரைத் தேட வேண்டியிருக்கும்.

ஷீட்டை ஒட்டும் முன் கதவின் அடி ஓட்டைகளைப் பழைய டூத்பிரஷால் சுத்தம் செய்யுங்கள்; சென்னைத் தூசியும் வேப்பிலைச் சருகும் சேர்ந்து அடைத்திருக்கும். பழைய பிசின் இன்னும் ஒட்டும் நிலையில் இருந்தால் அழுத்தினால் போதும். காய்ந்திருந்தால் சுரண்டி எடுத்துப் புதிய பியூட்டைல் டேப்பை முறியாமல் ஒரே ஓட்டமாக ஒட்டுங்கள். ஷீட் கிழிந்திருந்தால் கனமான பிளாஸ்டிக் ஷீட்டைப் பழையதன் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். சாதாரண செலோடேப் கதவுக்குள் இருக்கும் வெக்கையில் ஒரு கோடைகூடத் தாங்காது. முன்கதவின் மோதல் சென்சார் காற்றழுத்தத்தை உணரும் வகை என்றால், அது சரியாக வேலை செய்வதற்கும் இந்த ஷீட் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும்.

பேடை மாட்டும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை வெளியே கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடியில் சொட்ட வேண்டும், ஷீட்டின் உள்பக்கம் துளிகூட வரக் கூடாது. அதன்பிறகு பேடை மேலிருந்து பீடிங்கில் கொளுவி, ஒவ்வொரு கிளிப்பின் எதிரிலும் உள்ளங்கையால் தட்டுங்கள். பேட்டரி கழற்றியதால் சில கார்களில் ஒரே தட்டில் ஏறும் கண்ணாடி அந்த வசதியை மறந்திருக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி இழுத்தே பிடித்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.

கதவு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கவில்லை என்றால் மட்டும் மேலே சொன்ன வரிசை உதவாது. பேடின் ஓர ஸ்க்ரூக்கள் மூடிய கதவுக்குள் மாட்டியிருக்கும், பேடை வளைத்துத்தான் உள்ளே போக வேண்டும், பெரும்பாலும் பேட் பலியாகும். அதற்கு முன் ஒருவர் லாக் சுவிட்சை "திற" பக்கம் விட்டு விட்டு அழுத்த, இன்னொருவர் வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே லாட்ச் பக்கம் கதவை இடுப்பால் உள்நோக்கி இடித்துப் பாருங்கள். இறுகிய லாட்ச் இப்படி ஒரு முறையாவது விடுபடும். விட்டதும் அந்தக் கதவை மறுபடி மூடாமல், நேராகப் பேடில் கை வையுங்கள்.